ஐந்து பவுண்டு வேலி

பிரிட்டனில் வேலையற்றோர்க்கு அரசினர் உதவித்தொகை வழங்குதலை நாம் அறிவோம். 1996-இல் வந்த முறைப்படி தனியாள் ஒருவர் வாரம் 5 பவுண்டே ஈட்டிக்கொள்ளலாம். மேற்பட்டதெல்லாம் உதவித்தொகையில் கழிக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் சிறுபணிக்கும் எவர் முன்வருவர்?

ஊர்ப்பணி ஊதியத்தை ஓர் அளவுவரை கழிக்காது விடுக எனச் சமூக அமைப்புகள் கோரின. 2013 முதல் பரவிய ‘யூனிவர்சல் கிரெடிட்’ முறை முழுக்கழிவை நீக்கியது. எனினும் 2021 இறுதி முதல் பவுண்டுக்கு 55 பென்சு கழிகிறது. இங்கிலாந்தில் பெருஞ்செல்வர்க்குரிய உச்ச வருமானவரியே நூற்றுக்கு 45தான்!

அக்கோரிக்கை நியாயமானதென்றே கருதுகிறோம். மலிவாக ஆள் கிடைத்தால் நிலையான ஊழியர் விலக்கப்படுவர் என்னும் அச்சமும் பொருளற்றதன்று. ஆதலின் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை ஊர்ப்பணிக்கும் தந்தே தீரவேண்டும்.