இரவில் ஊறட்டும், பகலில் குளிரட்டும்



வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் விடியுமுன்பே விளக்கெரியும் வீடுகள் ஏராளம். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலைப் பிடித்தாக வேண்டுமே! 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது முதல், ஷிப்டுக்குப் போன குடும்பங்கள் ரயிலுக்குப் போகின்றன. காலை அவசரத்தில் அடுப்புப் பக்கமே போகாமல் கையில் எடுத்துச் செல்ல ஒரு நல்ல பானம் உண்டு. குளிர்ந்த நீரில் ஊறவைத்த கிரீன் டீ.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் நீருக்கு 8 முதல் 10 கிராம் இலை. பை என்றால் நான்கைந்து. கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, படுக்கப் போகும் முன் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தயார். காலையில் வடிகட்டினால் போதும்.

கொதிநீர் பட்டதும் இலையிலுள்ள கசப்பு தரும் கேட்டசின்களும் காஃபினும் வேகமாக இறங்கிவிடும். கிரீன் டீ கசக்கிறது என்று பலரும் ஒதுக்குவது அதனால்தான். குளிர்ந்த நீரில் அவை மெல்லவும் குறைவாகவும் இறங்குகின்றன. இதமான சுவை தரும் தியானைன் என்னும் அமினோ அமிலமோ குளிர்ந்த நீரிலும் நன்றாகக் கரையும். அதனால் சர்க்கரை தேடாமலே குடிக்கலாம். ஜப்பானியர்கள் கோடையில் இப்படித்தான் தேநீர் ஊறவைக்கிறார்கள்.

நம் ஊரில் தண்ணீர் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கோலார் மாவட்டத்தில் பல இடங்களில் போர்வெல் நீரில் ஃபுளோரைடு அதிகம். தேயிலையும் மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்க்கும் செடி. நீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. ஆகவே ஆர்.ஓ. நீரையே பயன்படுத்துங்கள். குளிர்ந்த நீர் கிருமிகளைக் கொல்லாது என்பதால், ஆர்.ஓ. நீரையும் ஒருமுறை காய்ச்சி ஆறவைத்துக்கொள்வது நல்லது. ஃபிரிட்ஜுக்கு வெளியே இரவு முழுக்க ஊறவைக்க வேண்டாம். வடிகட்டியதை அன்றைக்கே குடித்துவிடுங்கள்.

மணத்துக்குக் கடையில் விற்கும் எசென்ஸ் எதற்கு? நன்றாகக் கழுவிய புதினா ஒரு கொத்து, நாலைந்து துளசி இலை, தட்டிய எலுமிச்சம்புல் ஒரு தண்டு என்று ஏதாவது ஒன்றை இலையோடு சேர்த்து ஊறவிடுங்கள். எலுமிச்சைத் தோலில் மஞ்சள் பகுதி மட்டும் போதும். உள்ளே உள்ள வெள்ளை கசக்கும். சாறு பிழிவதானால் குடிக்கும்போது பிழியுங்கள். சீனாவில் கிரீன் டீயை மல்லிகைப் பூவோடு கலந்து வைத்து மணமேற்றுவார்கள். உங்கள் வீட்டுச் செடியில் மருந்தடிக்காமல் பூத்த மல்லிகை இருந்தால், நாலைந்து மொட்டுகளைப் பாட்டிலில் போட்டுப் பாருங்கள். கடைப் பூ வேண்டாம், பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும். இதிலும் காஃபின் உண்டு, ஆகவே தூக்கம் வராதவர்கள் மாலைக்குப் பிறகு தவிர்க்கலாம்.

கூடுமானவரை நீலகிரித் தேயிலையை வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் தங்கம் வெட்ட இங்கே வந்த காலத்தில், தமிழ் மண்ணின் வேறு பிள்ளைகள் தேயிலை பறிக்க இலங்கை மலைகளுக்குப் போனார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்களில் பலருக்கு நீலகிரித் தோட்டங்களே வாழ்வு கொடுத்தன. இங்கே சுரங்கம் மூடிவிட்டது. அங்கே தோட்டம் இன்னும் நடக்கிறது. நாம் கொடுக்கும் காசில் கொஞ்சமாவது அந்தக் கைகளுக்குப் போய்ச் சேரட்டும்.

இந்த வாரமே ஒரு பாட்டில் ஊறவையுங்கள். வேலைக்குக் கிளம்பும் பிள்ளையின் பையில் ஒன்று, வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு டம்ளர். எந்த இலை, எந்த மணம் உங்கள் வீட்டுக்குப் பிடித்தது என்று எழுதுங்கள். மற்ற வாசகர்களோடு பகிர்ந்துகொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்