மார்பு அவளுடையது, இன்ஷூரன்ஸ் யாருடையது?



புற்றுநோய்க்காக மார்பை எடுத்த ஒரு பெண் அதை அறுவை மூலம் திரும்ப உருவாக்கிக்கலாமா? நம்ம வட்டத்துல இதுக்கு ரெண்டு பதில்தான் கேட்குது. ஒண்ணு, அது ஆணாதிக்கத்துக்குப் பணியறது. இன்னொண்ணு, "அவ உடம்பு, அவ முடிவு", அதோட பேச்சு முடிஞ்சுது. சான் ஹோசேல விசாவில் வாழும் ஒரு அக்காவுக்கு இந்த ரெண்டும் உதவாது.

முதல் பதிலைச் சொல்றவங்க ஆட்ரி லார்டைத் துணைக்குக் கூப்பிடுறாங்க. 1980-ல் வந்த 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' நூலில் அவர் செயற்கை மார்பை மறுத்தது உண்மை. அது இல்லாமல் டாக்டரைப் பார்க்கப் போனவரிடம், நீங்க இப்படி வந்தா இங்க மத்தவங்க மனசு தளர்ந்துடும்னு நர்ஸ் சொன்னார். லார்டின் கோபம் அந்த நிர்ப்பந்தத்தின் மீது. வேறு வழியைத் தேர்ந்த பெண்களைத் தான் எடைபோடவில்லை என்று அதே நூலில் எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் நாம வசதியா மறந்துடறோம்.

நிர்ப்பந்தம் இன்னும் போகல. மார்பை எடுத்தபின் மறுசீரமைப்பு செய்துகொள்ளாத 931 பெண்களிடம் யுசிஎல்ஏ ஆய்வாளர்கள் கேட்டு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 22 சதவீதம் பேர் அறுவை மருத்துவரிடமே தடையைச் சந்தித்திருந்தார்கள். தட்டையாக மூடித் தைக்கும் வழி இருக்குன்னே சிலருக்குச் சொல்லல. சிலருக்கு 'பிறகு மனசு மாறலாம்'னு தோலை வேண்டுமென்றே விட்டு வெச்சிருக்காங்க.

ரெண்டாவது பதிலுக்கு வருவோம். முடிவு அவளுடையதுதான். ஆனா அதை நடத்த என்ன வேணும்? 1998-ன் பெண்கள் உடல்நலம் மற்றும் புற்றுநோய் உரிமைகள் சட்டப்படி, மார்பு நீக்கத்துக்குப் பணம் தரும் இன்ஷூரன்ஸ் மறுசீரமைப்புக்கும் தரணும். மற்ற மார்பைச் சமப்படுத்தும் அறுவை, செயற்கை மார்பு, பின்னால வர்ற கை வீக்கத்துக்கான சிகிச்சை எல்லாம் அதுல அடக்கம். நல்ல சட்டம். ஆனா முதல்ல இன்ஷூரன்ஸ் இருக்கணும். இங்கே நம்மில் பெரும்பாலோர்க்கு அது கம்பெனி வழியாத்தான் வருது.

இப்போ காலக்கணக்கைப் பாருங்க. மறுசீரமைப்பு பெரும்பாலும் ஒரே அறுவையில் முடியறதில்ல. எக்ஸ்பாண்டர் வெச்சு, வாரக்கணக்கில் தோலை விரிச்சு, சில மாசம் கழிச்சுத்தான் இம்ப்ளான்ட். நடுவுல கதிர்வீச்சு வந்தா இன்னும் தள்ளிப்போகும். ஹெச்-1பி வேலை போனா கிடைக்கிற அவகாசம் அதிகபட்சம் 60 நாள். ஹெச்-4ல் இருக்கும் மனைவிக்கு அந்த 60 நாளும் கணவருடைய கணக்குதான். கோப்ராவில் இன்ஷூரன்ஸைத் தொடரலாம், ஆனா கம்பெனி கட்டின பங்கும் சேர்ந்து நம்ம தலையில விழும். அதைக் கட்டினாலும் விசா நீளாது. லேஆஃப் மெயில் ஒண்ணு வந்தா, பாதி விரிஞ்ச தோலோட ஒருத்தி விமானம் ஏறணும். இதுக்குப் பேரு தேர்வா?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில், புற்றுநோயாளிகளுக்கு ஏற்கெனவே செய்துவந்த மார்பக அறுவையை, மருத்துவக் காரணம் இல்லாதவர்களுக்கும் இலவசம் என்று விரிவாக்கினாங்க. உயிர்காக்கும் சிகிச்சையை விட்டு அழகுக்குச் செலவாங்கிற விமர்சனம் அன்னைக்கே வந்துச்சு. பணக்காரிக்கு அது தனிப்பட்ட முடிவு, ஏழைக்கு மட்டும் ஆடம்பரமா? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில நெரிசல் உண்டு, குறை உண்டு. ஆனா உன் புருஷன் எந்தக் கம்பெனின்னு அங்கே யாரும் கேக்கறதில்ல.

நம்ம சண்டை மார்பு வேணுமா வேணாமாங்கிறதுல இல்ல. மருத்துவத்தை வேலையிலிருந்தும் விசாவிலிருந்தும் பிரிக்கிறதுல இருக்கு. கலிபோர்னியாவில் குடியேற்ற நிலை பார்க்காமல் எல்லோருக்கும் பொது மருத்துவக் காப்பீடு தரும் கால்கேர் மசோதாவைக் கொண்டுவந்தவர் சான் ஹோசேயின் சட்டமன்ற உறுப்பினர் ஆஷ் கல்ரா. 2022-ல் ஏபி 1400 வாக்கெடுப்புக்கே வரல. 2024-ல் ஏபி 2200 நிதிக்குழுவில் நின்னுபோச்சு. பின்னால் நின்று போராடியது செவிலியர் சங்கம். தமிழ்ச் சங்கங்கள் எங்கே இருந்துச்சு? நாம எங்கே இருந்தோம்?

அடுத்த மசோதா வரும்போது சாக்ரமென்டோவில் செவிலியர்களோட நாமளும் நிக்கணும். ஒரு அக்கா மார்பை உருவாக்கிக்கட்டும், தட்டையா இருக்கட்டும், அஞ்சு வருஷம் யோசிச்சு அப்புறம் முடிவு பண்ணட்டும். அவளுக்கு அந்த அஞ்சு வருஷத்தை வாங்கித் தர்றதுதான் நம்ம அரசியல்.

தோழமையுடன்.