ஒரே உடம்பு, இரவுக்கு மட்டும் ரெண்டு நியாயமா?

கொஞ்சம் நீளமான பதிவு நண்பர்களே. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

சனிக்கிழமை ராத்திரி 1 மணி. 26 வயசுப் பையன் ஒருத்தன் நண்பர்களோட ஈ.சி.ஆர் பக்கம் போய் டீ குடிச்சு, கதை பேசிட்டு வீட்டுக்கு வர்றான். வீட்ல என்ன சொல்வாங்க?

"இந்நேரம் வரைக்கும் ஊர் சுத்திட்டு வர்றியே, உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அதே பையன் திங்கட்கிழமை காலையில ஆபீஸ் போறான். ராத்திரி முழுக்க வேலை. செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குக் கண்ணெல்லாம் சிவந்து போய் வர்றான். இப்போ அதே வீட்ல பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பெருமையா ஒரு பேச்சு.

"எங்க புள்ள ராத்திரி பகலா உழைக்கிறான்."

முதல் விழிப்புக்குத் திட்டு. ரெண்டாவது விழிப்புக்குப் பாராட்டு. ஆனா உடம்பு இந்த ரெண்டையும் ஒரே நோட்டுல தான் கணக்கு எழுதும். இந்தப் பதிவு அதைப் பத்தி தான்.

சென்னைக்கு நைட் லைஃபே இல்லைன்னு பெங்களூர்ல வேலை பார்க்கும் நண்பர்கள் என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. பப்பும் பாட்டும் மட்டும் தான் நைட் லைஃப்னா, அவங்க சொல்றது ஓரளவு சரி.

ஆனா ராத்திரி 2 மணிக்கு கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்க. லாரியில இருந்து காய்கறி மூட்டை இறங்கிட்டு இருக்கும். விடியறதுக்கு முன்னாடியே காசிமேட்ல மீன் ஏலம். ஓ.எம்.ஆர்ல அமெரிக்காவோட பகல் நேரத்துக்கு ஏத்த மாதிரி விளக்கு எரியும் கண்ணாடிக் கட்டடங்கள். மருத்துவமனை வார்டுகள்ல ஸ்டாஃப் நர்ஸ், பயிற்சி மருத்துவர், செக்யூரிட்டி அண்ணன், தூய்மைப் பணி செய்யும் அக்கா.

இவங்க எல்லாரோட வாழ்க்கையும் நைட் லைஃப் தான். அதை நாம அந்தப் பேர்ல கூப்பிடறது இல்லை, அவ்வளவு தான்.

நானும் இந்தக் கூட்டத்துல ஒருத்தன். படிப்பு முடிச்ச நாள்ல இருந்து மாசத்துல பல இரவுகள் எனக்கு மருத்துவமனையில தான் விடிஞ்சிருக்கு. அதனால இதை வெறும் புத்தக அறிவா எழுதலை.

இப்போ கொஞ்சம் அறிவியல்.

நம்ம மூளையில, கண்ணில் இருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இருக்கு. சுமார் 20,000 செல்கள். உடம்போட தலைமைக் கடிகாரம் இது தான். கண்ணுல படும் வெளிச்சத்தை வச்சு, எப்போ தூக்கம் வரணும், எப்போ உடல் வெப்பம் குறையணும், எப்போ எந்த ஹார்மோன் சுரக்கணும்னு முடிவு பண்ணும். இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத் தான் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு, ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று பேருக்குக் கிடைச்சது.

அதிகாலை 3 மணியில இருந்து 5 மணி வரைக்கும் இந்தக் கடிகாரம் "படு, படு"ன்னு உத்தரவு போடும் நேரம். நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கீங்களா, கல்யாண வீட்ல சீட்டு ஆடறீங்களா, ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கறீங்களான்னு அதுக்குத் தெரியாது. காரணம் உன்னதமா இருந்தா சலுகை தரும் ஏற்பாடு உடம்புல இல்லைங்க.

இன்னொரு விஷயம். இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

1997ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 40 பேரை வச்சு ஒரு சோதனை செய்தாங்க. கண்ணும் கையும் சேர்ந்து இயங்க வேண்டிய ஒரு வேலை. அதைத் தூக்கம் இல்லாமலும் செய்யச் சொன்னாங்க, மது கொடுத்தும் செய்யச் சொன்னாங்க. முடிவு நேச்சர் இதழில் வந்தது.

17 மணி நேரம் விழித்திருந்தவரோட தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரோட தடுமாற்றத்துக்குச் சமம். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது கிட்டத்தட்ட 100 மில்லிகிராமுக்குச் சமம்.

நம்ம மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி ஓட்டறவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு தெரியுமா? 30 மில்லிகிராம். அதைத் தாண்டினா வழக்கு.

அப்போ யோசிச்சுப் பாருங்க. ராத்திரி பப் வாசல்ல போலீஸ் மெஷினை வச்சுக்கிட்டு "ஊது"ன்னு நிக்கறாங்க. நல்லது, நிக்கணும். ஆனா 24 மணி நேர டூட்டி முடிச்சு, காலை 9 மணிக்கு டூவீலரை ஸ்டார்ட் பண்ணும் இளைஞனை நிறுத்த எந்த மெஷினும் இல்லை. அவன் மேல வாசனை வராது. அவன் குடிக்கலை. ஆனா அவன் கையும் கண்ணும் சட்ட வரம்பை மூணு மடங்குக்கு மேல தாண்டினவனோட கையும் கண்ணும் மாதிரி இருக்கு.

அவனை நாம "உழைப்பாளி"ன்னு சொல்லி ரோட்டுக்கு அனுப்பறோம்.

எங்க துறையிலயே ஆதாரம் இருக்கு. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை வச்சு நடந்த ஆய்வு, 2005ல் வெளியானது. நீண்ட டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போகும்போது விபத்தில் சிக்கும் வாய்ப்பு, சாதாரண டூட்டி முடிச்சுப் போகும்போது இருப்பதைவிட 2.3 மடங்கு. அதுக்கு முந்தைய வருஷம் வந்த இன்னொரு ஆய்வில், நீண்ட டூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 சதவீதம் அதிகமா தீவிரமான மருத்துவத் தவறுகள் செய்திருந்தாங்க.

"டாக்டர்னா அப்படித் தான் இருக்கணும், அது சேவை"ன்னு சொல்றவங்களுக்கு என் பதில் இது தான். மருத்துவமனை 24 மணி நேரமும் திறந்திருக்கணும். அதுக்காக ஒரே ஆள் 24 மணி நேரமும் நிக்கணும்னு அவசியம் இல்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன். டூட்டி மாறும்போது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தகவல் விட்டுப் போகும், அதுவும் நோயாளிக்கு ஆபத்து தான். 2016ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சைத் துறையில் நடந்த பெரிய ஆய்வில், ஷிஃப்ட் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு பாதிப்பு கூடவில்லை. ஆனா அங்கேயும் வாரத்துக்குச் சராசரியா 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பை எடுத்துட்டு யாரும் சோதனை பண்ணலை.

இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 1992லேயே பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியா 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிடுச்சு. 2024ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு பரிந்துரைச்சது. 48ல் ஆரம்பிச்ச பேச்சு 32 வருஷம் கழிச்சு 74ல் வந்து நிக்குது. நடைமுறை எப்படி இருக்கும்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க.

அடுத்து, உத்வேகம்.

"ஜெயிக்கிறவன் தூங்க மாட்டான்" வகை வீடியோக்கள் உங்க வாட்ஸப்புக்கும் வந்திருக்கும். பின்னணியில ஒரு பாட்டு, இருட்டுல ஒரு லேப்டாப், ஒரு காபி கப். அதைப் பார்த்து 22 வயசுப் பிள்ளைங்க தூக்கத்தைச் சோம்பேறித்தனம்னு நினைக்கிறாங்க.

2004ல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு. ஒரு எண் புதிரைக் கொடுத்தாங்க. அதுல ஒரு குறுக்கு வழி ஒளிஞ்சிருக்கு, ஆனா அதைச் சொல்லலை. இடையில 8 மணி நேரம் தூங்கிட்டு வந்தவங்கள்ல 59 சதவீதம் பேர் அந்தக் குறுக்கு வழியைக் கண்டுபிடிச்சாங்க. அதே 8 மணி நேரத்தை விழித்தே கழித்தவங்கள்ல 23 சதவீதம் பேர் தான். சின்ன ஆய்வு தான், அதை மட்டும் வச்சுப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது. ஆனா படிச்சதை மூளை பதிய வைக்கத் தூக்கம் வேணும் என்பதற்கு வேறு பல ஆதாரங்களும் இருக்கு.

எனக்கு உத்வேகம் தந்த மனுஷங்க யாரும் தூங்காம இருந்ததால தரலைங்க. ராத்திரி 3 மணிக்கு ஊசி போடும் முன்னாடி, மருந்தோட பேரை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சத்தமா படிக்கும் ஒரு சீனியர் சிஸ்டர். "ரெண்டு பேர் போறதுக்குள்ள ஒருத்தர் அரை மணி நேரம் படுங்க, நான் பார்த்துக்கறேன்"னு சொன்ன ஒரு சீனியர் டாக்டர். அவங்க தங்களோட வரம்பு தெரிஞ்சு வேலை பார்த்தவங்க.

அப்போ ராத்திரி கடையெல்லாம் மூடிடணுமா? இல்லவே இல்லை.

தமிழ்நாட்டுல 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இருந்து, 10 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம்னு அரசாணை இருக்கு. நான் இதை வரவேற்கிறேன். ராத்திரி டீக்கடையும் ஹோட்டலும் திறந்திருந்தா, தெருவுல ஆள் நடமாட்டம் இருந்தா, ஷிஃப்ட் முடிச்சு வரும் பெண்ணுக்கு அது தான் பெரிய பாதுகாப்பு. ஊர் சுத்தற பையனும் டூட்டி முடிச்சு வர்ற நர்ஸும் ஒரே தெருவைத் தான் பகிர்ந்துக்கறாங்க.

ஆனா அந்த அரசாணையில நிபந்தனைகளும் இருக்கு. வாரம் ஒரு நாள் விடுப்பு. நாளுக்கு 8 மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தாலும் பத்தரை மணி நேரத்துக்கு மேல கூடாது. பெண்கள் இரவு 8 மணிக்கு மேல் வேலை பார்க்க அவங்களோட எழுத்துப்பூர்வ சம்மதம், பாதுகாப்பு, ஷிஃப்ட் பார்க்கும் பெண்களுக்கு வாகன வசதி. கடை திறந்திருக்கறது எல்லாருக்கும் தெரியுது. இந்த நிபந்தனைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரவு வேலை பார்க்கறவங்களுக்கு, ஒரு மருத்துவரா சில வார்த்தைகள்.

✅ ஷிஃப்ட் போகும் முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்க. வேலைக்கு நடுவுல 20 நிமிஷம் கண்ணை மூட முடிஞ்சா இன்னும் நல்லது.

✅ முக்கியமான சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன்னாடியே முடிங்க. நள்ளிரவு பிரியாணி வேண்டாம். பசிச்சா பழம், சுண்டல் போதும்.

✅ டீ, காபியை ஷிஃப்ட்டோட முதல் பாதியில நிறுத்திடுங்க. உடம்புல இருந்து பாதி காஃபீன் வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

✅ காலையில வீட்டுக்குப் போகும்போது நீங்க வண்டி ஓட்டாதீங்க. பஸ், மெட்ரோ, ஆட்டோ, கம்பெனி கேப், எதுவானாலும் சரி.

✅ தூங்கும் அறையை நல்லா இருட்டாக்குங்க. வீட்ல இருக்கறவங்களும் அதை ராத்திரியா நினைச்சு அமைதியா இருங்க.

✅ வருஷம் ஒரு தடவை பிரஷர், சுகர், கொழுப்பு பாருங்க. "எனக்கு 28 வயசு தானே"ன்னு தள்ளிப் போடாதீங்க. நீண்ட கால நைட் ஷிஃப்ட் சர்க்கரை நோய், இதய நோய் வாய்ப்பைக் கூட்டுது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலிலும் வச்சிருக்கு.

❌ தூக்கம் வரணும்னு மது குடிக்காதீங்க. சீக்கிரம் கண் அயரும், ஆனா தூக்கம் துண்டு துண்டா உடையும்.

முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராத்திரி முழுக்க இருந்தவருக்கு மறுநாள் காலை மீட்டிங் வைக்காதீங்க. அவருக்குத் தேவை கைதட்டல் இல்லை. வீட்டுக்குப் போக ஒரு வண்டி, தூங்க ஒரு பகல்.

நைட் ஷிஃப்ட் பார்க்கும் சொந்தங்களே, உங்க வேலையில ஷிஃப்ட் எத்தனை மணி நேரம்? வீட்டுக்குப் போக வண்டி தர்றாங்களா? கம்பெனி பேர் வேண்டாம், விவரம் மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க. நான் படிக்கிறேன்.