பள்ளிவாசல் ஹவுளும் பைக்காரா மின்நிலையமும்

மிதவை பொருத்திய ஹவுளில் எத்தனை பேர் ஒளுச் செய்தாலும், சிறிது நேரத்தில் நீர்மட்டம் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. மட்டம் குறைந்தால் மிதவை தாழ்ந்து குழாயைத் திறக்கிறது. நிறைந்தால் மிதவை உயர்ந்து குழாயை மூடுகிறது. இதற்கெனக் காவலாள் எவரும் தேவையில்லை.

விளைவை அளந்து, வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு ஏற்பத் தன் செயலைத் தானே திருத்திக்கொள்ளும் இத்தகைய அமைப்புகளை ஆராய்வதே கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆகும். விளைவு பற்றிய செய்தி மீண்டும் தொடக்கத்துக்கே வந்து சேர்வதைப் 'பின்னூட்டம்' என்பர்.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர், தம் எந்திர நூலில் மிதவை அடைப்பான்களை விவரித்துள்ளனர். 1788இல் ஜேம்ஸ் வாட், நீராவி எந்திரத்தில் இரு குண்டுகள் சுழலும் வேகச் சீராக்கியைப் பயன்படுத்தினார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகி நீராவியைக் குறைக்கும். தளர்ந்தால் நெருங்கி நீராவியைக் கூட்டும்.

இதே தத்துவத்தை நம் நீலகிரியிலும் காணலாம். 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம், மலைச்சரிவின் கீழே சிங்காராவில் அமைந்துள்ளது. 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கும் நீர், கிண்ணங்கள் பொருத்திய பெல்டன் சக்கரத்தின்மீது பீய்ச்சியடித்து அதனைச் சுழற்றுகிறது. கோவைப் பஞ்சாலைகள் பல வளர இம்மின்சாரம் பெரிதும் உதவியது.

மின்சாரத்தின் தேவை திடீரெனக் குறைந்தால் சக்கரம் அளவுமீறி விரையும். உடனே நீரை நிறுத்த வேண்டும். ஆனால், அத்துணை உயரத்திலிருந்து பாய்ந்துவரும் நீரைச் சட்டென மூடினால், அதன் மோதலில் குழாயே வெடித்துவிடக் கூடும். எனவே பெல்டன் சக்கரங்களில் இரு ஏற்பாடுகள் உண்டு. முதலில் ஒரு தகடு குறுக்கே வந்து நீர்த்தாரையை விரைவாகத் திசைதிருப்பும். பின்னர் ஊசி போன்ற அடைப்பான் மெல்ல மெல்லக் குழாய்முனையை மூடும். விரைவும் நிதானமும் இங்கே கைகோத்துச் செயற்படுகின்றன.

திருத்தத்தில் அவசரம் கூடாது என்பதற்கு உதகையின் குளிர்காலைக் குளியலே சான்று. வெந்நீர் வர நேரமாகிறதே என்று குழாயை மேலும் திறக்கிறோம். பின் உடல் வெந்துபோகும் சூட்டில் நீர் வருகிறது. பதறி மூடினால் மீண்டும் குளிர்நீர்! செய்தி வந்துசேரத் தாமதமாகும் இடத்தில் திருத்தமும் நிதானமாக இருத்தல் வேண்டும். வேகச் சீராக்கிகள் சில வேளை இவ்வாறு ஊசலாடுவதற்குரிய காரணத்தை 1868இல் கணிதவழி ஆராய்ந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்.

குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் காற்றின் சூடு மிகுந்தால் தூள் கருகும்; குறைந்தால் ஈரம் தங்கி விரைவில் கெடும். இல்லத்தில் இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, கீசர் ஆகியவையும் சூட்டை அளந்தே இயங்குகின்றன.

தாய்மார்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். அளக்கும் உறுப்பு பொய் சொன்னால் அமைப்பு முழுவதும் தவறிவிடும். மிதவையில் ஓட்டை விழுந்து மூழ்கினால், தொட்டி நிறைந்தும் குழாய் மூடாது. அருமையான நீர் வீணாகும். கீசரில் சூட்டை அளக்கும் கருவி பழுதுபட்டால் நீர் கொதித்து அழுத்தம் பெருகும். அப்போது உயிர்காப்பது அதிலுள்ள பாதுகாப்பு வால்வுதான். நீர் சொட்டுகிறது என்பதற்காக அதனை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். விவரமறிந்த பணியாளரை அழைத்துப் பழுது பாருங்கள். மிதவையையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ளுங்கள்.

கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவச் செல்வங்களுக்கு இத்துறை நல்ல எதிர்காலம் தரவல்லது. பயிற்சியை வீட்டுத் தொட்டியின் மிதவையிலிருந்தே தொடங்கலாம்!