கோழிக்கொண்டையும் நம் சங்கங்களும்

கோழிக்கொண்டைப் பூவைப் பற்றிக் கூட்டுறவுப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று அங்கத்தினர்களுள் சிலர் கேட்கக்கூடும். மல்லிகைக்கு மணம் உண்டு. ரோஜாவுக்குப் பெயர் உண்டு. சம்பங்கிக்கு எந்நாளும் கிராக்கி உண்டு. கோழிக்கொண்டைக்கோ இம்மூன்றும் இல்லை என்பது பலரது அபிப்பிராயம். சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நாம் அமர்ந்திருந்தபொழுது, அரை ஏக்கர் கோழிக்கொண்டைக்குக் கடன் கேட்டு வந்த மனு ஒன்று, "வாசனை இல்லாத பூவுக்குச் சங்கத்துப் பணமா?" என்ற ஒரே கேள்வியோடு தள்ளி வைக்கப்பட்டது. குழுவின் தீர்மானத்தில் தலையிடுவது நம் வேலையன்று. ஆயினும் அக்கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்கு நமக்குத் தோன்றிய விடையை இங்கே எழுதுகிறோம்.

மானாவாரிக் கொல்லைகளில் களையாக முளைக்கும் பண்ணைக்கீரையை அறியாதார் இலர். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த கதிரோடு நிற்குமே, அதுதான். கோழிக்கொண்டை அதன் இனத்திலேயே தோன்றிய வேறுபாடு. நாம் இளந்தழையைப் பறித்துக் கடைந்து உண்ணும் அக்கீரையை மேற்கு ஆப்பிரிக்காவில், முக்கியமாக நைஜீரியாவில், பாத்தி கட்டிப் பயிரிட்டுச் சந்தையில் விற்கிறார்கள். கொண்டை உண்டான விதம் வியப்புக்குரியது. செடியின் வளர்நுனி இயல்பாக ஒரு புள்ளியாக இருக்கும். இச்செடியில் அப்புள்ளி பக்கவாட்டில் நீண்டு ஒரு கோடாகிவிடுகிறது. கோடு வளர வளர இடம் போதாமல் மடிந்து மடிந்து சுருக்கம் விழுகிறது. சேலையில் கொசுவம் வைப்பது போன்றது என்றால் நெசவாள அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். சேவலின் கொண்டையைக் கண்டு பெயரிட்டவர்கள் நாம் மட்டுமல்லர். தெலுங்கரும் சீனரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் கோழியை வைத்தே இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

நெசவாளர் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. சாயத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்துப் பெண்மணி ஒருவர், "இவ்வளவு ரத்தச் சிவப்பாக இருக்கிறதே, நூலுக்குச் சாயம் ஏற்றலாகாதா?" என்று நம்மிடம் கேட்டார். பூவை வெந்நீரில் இட்டால் நீர் சிவக்கத்தான் செய்யும். பருத்தி நூலும் சற்றே நிறம் பிடிக்கும். ஆனால் வெயிலும் சவர்க்காரமும் அந்நிறத்தை நிற்கவிடா. பீட்ரூட்டையும் செந்தண்டுக்கீரையையும் சிவக்கச் செய்கிற பீட்டலெயின் என்னும் வகை நிறமியே இதிலும் இருக்கிறது. அது சூட்டிலும் ஒளியிலும் சிதைந்துவிடும். ஆகவே சாயத் தொட்டிக்கு இப்பூவை நம்பவேண்டாம். கொண்டையை நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினால் மட்டும் நிறம் மாதக்கணக்கில் தங்கும். அதன் மேற்பரப்பைத் தடவிப் பார்த்த அவ்வம்மையார், "வெல்வெட்டு நெய்தவனுக்கு இதுதான் மாதிரியோ?" என்றார்.

நிற்க, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மல்லிகையை விடியுமுன் மொட்டாகப் பறித்தாக வேண்டும். பறித்ததைச் சில மணி நேரத்தில் சந்தை சேர்த்தாக வேண்டும். பொழுது ஏற ஏற மொட்டு விரியும். விரிய விரிய விலை இறங்கும். கமிஷன் கடைக்காரர் எவ்விலை சொன்னாலும் அதை மறுத்து மூட்டையைத் திருப்பிக்கொண்டுவர எந்த விவசாயியாலும் இயலாது. இதோடு முன்பணமும் வாங்கியிருந்தால் சொல்ல வேண்டுவதில்லை. கோழிக்கொண்டையின் குணம் இதற்கு நேர்மாறானது. கொண்டை முற்றிய பின்னும் செடியிலேயே இரண்டு மூன்று வாரம் நிறம் குறையாமல் நிற்கும். அறுத்துக் கட்டிய பிறகும் சில நாள் வாடாது. இன்று விலை இல்லையெனில் நாளை மறுநாள் அறுக்கலாம். பூவைப் பயிரிட்டவன் விலையைக் கேட்டுவிட்டு, "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய பூ இது ஒன்றுதான் என்றுகூட நமக்குத் தோன்றுகிறது. (வாடாமல்லி பயிரிடுவோர் சண்டைக்கு வருவார்களாயின் அவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தயார்.) மணத்தைக் கேட்ட குழுவினர் இக்குணத்தைப் பற்றிக் கேட்கவில்லையே என்பதுதான் நம் குறை.

இத்தகைய அனுகூலத்தை நம்மவர் என்ன செய்கிறார்கள்? ஊரிலுள்ள அனைவரும் ஆயுத பூஜை ஒன்றையே எண்ணி, ஆனிக் கடைசியில் ஒரே வாரத்தில் விதைக்கிறார்கள். விதைத்த 80, 90 நாளில் அத்தனை வயலும் ஒருங்கே சிவக்கிறது. பூஜைக்கு முந்திய இரண்டு நாளில் நிலக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் தோவாளையிலும் மூட்டைகள் மலைபோல் குவிகின்றன. காத்திருக்கக்கூடிய பூவைக் காத்திருக்க முடியாத பூவாக நாமே ஆக்கிவிடுகிறோம். அதே நாள் மாலையில் சில மைல் தூரத்துச் சின்னாளப்பட்டியில் தறிக்கும் பாவுக்கும் பூச்சூட்ட வேண்டிய நெசவாளர், அதே பூவைச் சில்லறைக் கடையில் எடைக்கல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு வாங்குகிறார். விற்றவரும் சங்க அங்கத்தினர். வாங்கியவரும் சங்க அங்கத்தினர். இடையில் உள்ள ரூபாய் எங்கே போயிற்று என்று எந்தச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பிலும் நாம் கண்டதில்லை. ஆயுத பூஜைக்கு இத்தனை கட்டுப் பூ வேண்டும் என்று நெசவாளர் சங்கம் ஆடி மாதத்திலேயே எழுதிக் கொடுப்பதும், விவசாயிகள் சங்கம் அதை ஏற்பதும் அவ்வளவு கடினமான காரியமா?

விதைப்பு நாளைப் பங்கிட்டுக்கொள்வது இன்னும் எளிது. ஒரு பங்கினர் ஆனிக் கடைசியில் விதைக்கட்டும். இன்னொரு பங்கினர் தைப் பொங்கலை எண்ணி ஐப்பசியில் மேட்டுப்பாத்தியில், மழை படாதவாறு கூரையிட்டு நாற்று விடட்டும். மற்றொரு பங்கினர் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்குத் தை மாதத்தில் தொடங்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பூ முற்றும்படி மட்டும் விதைக்கலாகாது. கொண்டையின் மடிப்புகளில் மழைநீர் தங்கினால் அழுகல் காணும். பகற்பொழுது குறுகக் குறுக இச்செடி விரைந்து பூக்கும் இயல்புடையது. ஆதலால் தைப் பயிர் உயரம் குறைந்து சீக்கிரம் பூக்கும் என்பதை நினைவிற் கொண்டு நாற்றைச் சற்று நெருக்கமாக நடுவது நலம்.

சாகுபடி முறையில் விரித்துரைக்க அதிகம் இல்லை. முழு வெயில் வேண்டும். நீர் தேங்காத மண் வேண்டும். விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் சுமார் 1000 விதை இருக்கும். மணலோடு கலந்து தூவி மேலே மெல்லிய மண்போர்வை இட்டால் போதும். ஒரு வாரத்தில் முளைக்கும். நாலு வாரத்து நாற்றைச் சுமார் ஓர் அடி இடைவெளியில் நடலாம். நாற்று முதிர்ந்துவிட்டால் நட்ட இடத்தில் வளராமல் சிறு கொண்டையோடு நின்றுவிடும். இதனை அலட்சியம் செய்து ஏமாந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். பெரிய கொண்டை வேண்டுவோர் நுனி கிள்ளலாகாது. தக்காளியும் கத்தரியும் ஓயாமல் பயிரிட்ட மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருக்குமாயின் இச்செடியையும் அது தாக்கும். வேறு நிலம் பார்ப்பது மேல்.

விதையைப் பற்றித்தான் நாம் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் நமது ஆய்வுக்குட்பட்ட சங்கமொன்றின் அங்கத்தினர் வெளியூர்க் கடையிலிருந்து மலிவு விலையில் விதை வாங்கி வந்தார். வயலில் மூன்றில் ஒரு பங்கு கொண்டையே வைக்கவில்லை. பண்ணைக்கீரையைப் போல ஒல்லிக் கதிராகவும், சிறகு போன்ற கொத்தாகவும் நின்றது. வியாபாரி அவற்றைக் கழித்துவிட்டே எடை போட்டார். மூன்று மாத உழைப்பும் குத்தகையும் அக்கழிவோடு போயின. அவருடைய கடன் இன்னும் தவணை தவறிய பட்டியலில் இருக்கிறது. அப்பட்டியலில் கையொப்பம் இட்டதும் நாமே.

ஆனால் இவ்விதையை யாரிடமும் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கொண்டையின் மடிப்புகளில் விதை தேடிப் பயனில்லை. அதன் அடிப்பாகத்துச் சிறு பூக்களில்தான் கறுத்துப் பளபளக்கும் விதை கிடைக்கும். நல்ல கொண்டை வைத்த பத்துச் செடியை அடையாளமிட்டு, அறுக்காமல் முற்றவிட்டு, காகிதத்தின் மேல் உதறி எடுத்தால் ஓர் ஊருக்கே போதும். சிவப்பும் மஞ்சளும் அடுத்தடுத்து நின்றால் கலப்பு ஏற்படும். பண்ணைக்கீரைக் களை பூத்தாலும் அவ்வாறே. விதைச் செடிகளைத் தனியிடத்தில் வைத்து, கதிர் ஓடும் செடியைக் கண்டவுடன் பிடுங்கிவிட வேண்டும். இக்காவலை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்வது கஷ்டம்; சங்கம் ஒருவரை அமர்த்திச் செய்வது எளிது.

நெல் வயலை அழித்து இப்பூவைப் பயிரிடும்படி நாம் கூறவில்லை. வரப்போரமும் கிணற்று மேடும் கால் ஏக்கரும் போதும். நிலமற்ற நெசவாளர் வீட்டு வாசலில் பத்துச் செடி நின்றால், குழித்தறியில் நாளெல்லாம் குனிந்திருந்து வெளியே வருபவரின் கண்ணுக்கு அது இதமளிக்கும். பூஜைக்குப் பூ வாங்கும் செலவும் மிஞ்சும்.

சாயத்தைப் பற்றிக் கேட்ட அவ்வம்மையாரின் வாசலில் நின்ற செடிகளில், ஒரு முழ அகலக் கொண்டை வைத்த ஒன்றும் உண்டு. அதன் விதையைப் பொட்டலமாகக் கட்டி, "சங்கத்துக்கு" என்று எழுதி நம்மிடம் தந்தார். இப்பொழுது அது சங்கத்தின் இரும்புப் பெட்டியில் ரொக்கப் புத்தகத்துக்கு அருகில் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் அதனை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று காரியதரிசி கேட்டிருக்கிறார். ஆனி மாதத்துக்குள் அவருக்குப் பதில் எழுத வேண்டும்.