துப்பாக்கி என்னலாமோ?

2020இல் கொரோனாத் தொற்றின்போது நம் பாடசாலை வாயில்களுக்கு வந்த, தொடாமலே உடல்வெப்பம் காட்டும் கைக்கருவியைப் பலர் ‘துப்பாக்கி’ என்று வழங்கக் கேட்டிருக்கின்றேன். வடிவு கருதி இட்ட அப்பெயர் தொழிலொடு பொருந்துவதன்று. துப்பாக்கி சுடுவது, இக்கருவியோ ஏற்பது. உடல் இயல்பாகவே வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை வாங்கி, நெற்றித் தோலின் வெப்பத்தைக் கணிக்கின்றது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த கதிர்கள் இவை. இதனால் மூளைக்குத் தீங்கு நேருமென்னும் வீணச்சத்துக்கு அப்பெயரும் துணைபோகின்றது.

கதிரவெளியில் இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 2006 நவம்பர் 8ஆம் நாள், இடம்பெயர்ந்தோர் தஞ்சம் புகுந்திருந்த பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்ட ஊர் இது. இவ்வூர்ப் பிள்ளையின் நெற்றிக்கு நேரே நீட்டும் ஒன்றைத் துப்பாக்கி என்னலாமோ? ‘கதிர்வெப்பமானி’ என்று சொல்லி, அது செய்யும் தொழிலையும் விளக்கிய பின்னரே நீட்டுவது ஆசிரியர் கடன் என்பேன்.