கடைசி எபிசோடும் கோபமும்

அறிவியல் புனைகதைத் தொடரின் கடைசி எபிசோடில் கதை புரண்டால், 'ஏமாத்திட்டான்டே' என்று தென்காசிப் பையன்களும் கொதிக்கிறார்கள். குற்றாலத்தில் வெயிலடிக்கும்போதே மெயினருவி செம்மண் நிறத்தில் திரண்டு விழும். உடனே குளிக்கத் தடை போடுவார்கள். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். நல்ல திருப்பமும் அப்படித்தான்; காரணம் முன்பே எங்கோ இருக்கும். 2020 ஜூனில் வெளியான 'டார்க்' தொடரின் கடைசி சீசனில் நாயகனும் நாயகியுமே இல்லாமல் போனார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால், தன் பிறப்பே காலப்பயணத்தால் நேர்ந்தது என்பது நாயகன் ஜோனாஸுக்கு முதல் சீசனிலேயே தெரிந்துவிடுகிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஹோலோகிராம் என்று தெரிந்தபோதும் வாசகர்கள் சுஜாதாவைக் கைவிடவில்லை. அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வையும் வாசித்தார்கள். திட்டுமுன் ஒருமுறை திரும்பப் பாருங்கள். துப்பு கிடைத்தால் எழுதியவர் பக்கம் நியாயம். இல்லையென்றால் தாராளமாகத் திட்டலாம்.